பேசும் பொம்மையும் பேசா வீடும்

பிள்ளைக்கு என்ன நூல் வாங்கலாம் என்று ஆசிரியரைக் கேட்கும் பெற்றோர் பலர். தமக்கு என்ன நூல் என்று கேட்போர் மிகச் சிலர். தாம் படித்து முடித்துவிட்டோம் என்பது அவர்தம் எண்ணம் போலும்! ஆகவே, கேட்டவருக்கு ஒன்றும் கேளாதவருக்கு ஒன்றுமாக இரண்டு நூல்களைச் சொல்கிறேன். சிறுவர்க்கு யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்'. பெரியவர்க்கு இமையத்தின் 'செல்லாத பணம்'. இரண்டும் 2018இல் வெளிவந்தவை. 2020ஆம் ஆண்டுக்கான பால சாகித்திய விருதை முன்னதும், சாகித்திய அகாதெமி விருதைப் பின்னதும் பெற்றன. விருதுக்காக அவற்றைப் பரிந்துரைக்கவில்லை. விருது பெற்றும் வீட்டு அலமாரிக்கு வராத நூல்கள் எத்தனை!

கொலுப்படியில் வாய்மூடி நின்ற மரப்பாச்சி, பாலபாரதியின் கதையில் வாய் திறக்கிறது. ஷாலினி என்னும் சிறுமிக்குத் தோழியாகிறது. பெரியவர் ஒருவரின் தகாத தீண்டலுக்கு ஆளாகி, அஞ்சி, அடங்கி, யாரிடமும் சொல்லாமல் உள்ளுக்குள் மாயும் பிள்ளைக்குத் துணிவு ஊட்டுகிறது. பகுத்தறிவு பேசுவோர் பேசும் பொம்மையைப் பரிந்துரைக்கலாமா என்று நண்பர் ஒருவர் நகைத்தார். பொம்மை பேசாது, ஆனால் பிள்ளை பொம்மையோடு பேசுமே! அது எந்த வீட்டிலும் காணும் காட்சி. கேட்கும் செவி மனிதரிடம் கிடைக்காதபோது மரத்திடம் போகிறது குழந்தை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம் 2012இல் வந்தது; குற்றத்தை அறிந்தும் தெரிவிக்காதிருப்பதையே அது குற்றமாக்கிற்று. ஆயினும், முதற்சொல் பிள்ளையின் வாயிலிருந்தல்லவா பெரும்பாலும் வரவேண்டும்? அந்த முதற்சொல்லுக்கு வழிதேடும் கதை இது. அச்சுறுத்தாமல், அருவருப்பூட்டாமல், பத்து வயதுப் பிள்ளை தானே படித்துப் புரிந்துகொள்ளும் நடையில் எழுதியிருக்கிறார்.

அந்த முதற்சொல் கேட்கப்படாத வீடு எப்படியிருக்கும்? அதைத்தான் இமையம் காட்டுகிறார். நடேசன் தலைமையாசிரியர். (என் தொழிலைச் சார்ந்தவர் என்பதால் அவரைச் சற்றுக் கூர்ந்தே பார்த்தேன்.) மகள் ரேவதி பொறியியல் படித்தவள். பர்மாவிலிருந்து அகதியாக வந்த குடும்பத்தைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநர் ரவியை அவள் மணக்கிறாள். அந்த மணத்தைப் பெற்றோர் உள்ளம் ஏற்கவில்லை. குடி, அடி, ஏச்சு எனக் கழிகிறது அவள் வாழ்வு. முடிவில் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில், கருகிய உடலோடு கிடக்கிறாள். தந்தையிடம் பணம் இருக்கிறது. கொட்டிக் கொடுக்கவும் அணியமாய் இருக்கிறார். வெந்த தோலுக்கு முன் அந்தப் பணம் செல்லவில்லை!

கதையின் பெரும்பகுதி பேச்சு. மருத்துவமனை வாசலில் எல்லாரும் பேசுகிறார்கள். அழுகிறார்கள், பழிக்கிறார்கள், பழங்கதை கிளறுகிறார்கள். வீட்டுக் கூடத்தில் என்றோ ஒலித்திருக்க வேண்டிய சொற்கள் தீக்காயப் பிரிவின் வாசலில் வந்து குவிகின்றன. சில இடங்களில் இந்த உரையாடல் அளவுக்கு மீறி நீள்கிறது. சொன்னதே திரும்ப வருகிறது. குறைதான். ஆயினும், துயர் நேர்ந்த வீட்டில் மனிதர் அப்படித்தானே பேசுகிறார்கள் என்றும் தோன்றுகிறது. ரவியை வெறும் கொடியவனாக நிறுத்தித் தப்பித்துக்கொள்ளவில்லை ஆசிரியர். அதுவே இந்த நாவலின் நேர்மை. சாதியும் வசதியும் மகளின் மனத்தைவிட மேலாய்ப் போன வீட்டையும் அவர் விசாரணைக்கு உட்படுத்துகிறார்.

மரப்பாச்சியைப் பெண்பிள்ளைகளுக்கென்று ஒதுக்கி வைக்காதீர்கள்; ஆண்பிள்ளைகளுக்கும் தீங்கு நேர்கிறது, அவர்களும் அஞ்சி வாய்மூடுகிறார்கள். 'செல்லாத பண'த்தைக் கல்லூரிக்குச் செல்லும் மகளிடமிருந்து மறைக்கவும் வேண்டா. அவள் படித்து முடித்தபின், நடேசனைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று கேளுங்கள். விடை சொல்ல அவளுக்கு எவ்வளவு நேரமானாலும், குறுக்கே பேசாமல் காத்திருங்கள்.