பங்கில்லாத உழைப்பு

ஜோஹோவின் 'அரட்டை' செயலியை 2025 செப்டம்பரில் லட்சக்கணக்கானோர் இறக்கிக்கொண்டதிலிருந்து, அடுத்து நமக்கென்று ஒரு காணொளிச் செயலி வேண்டும் என்ற பேச்சு மறுபடி கிளம்பியிருக்கிறது. கூடவே பழைய தோல்விகளுக்கு ஒரு சமாதானமும் சொல்லப்படுகிறது. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் தடைசெய்யப்பட்டதும் அந்த இடத்தைப் பிடிக்க ஓடிவந்த மோஜ், ஜோஷ், எம்எக்ஸ் டகாடக், சிங்காரி எல்லாமே நல்ல செயலிகள்தாம், இன்ஸ்டாகிராமும் யூடியூபும் பண பலத்தால் அவற்றை நசுக்கிவிட்டன என்பது அந்தச் சமாதானம். ரீல்ஸ் அடுத்த மாதமே இந்தியாவுக்கு வந்தது, செப்டம்பரில் ஷார்ட்ஸ் வந்தது என்பதெல்லாம் மெய்தான். ஆனால் நம் செயலிகள் பணத்துக்குத் தவித்தன என்பதை நம்புவதற்கில்லை. ஜோஷை நடத்தும் வெர்ஸ் நிறுவனம் 2022 ஏப்ரலில் மட்டும் 80 கோடி டாலருக்கு மேல் முதலீடு திரட்டியது. மோஜின் தாய் நிறுவனமான ஷேர்சாட், அதற்கு இரண்டு மாதம் முன்புதான் டகாடக்கையே விலைக்கு வாங்கியிருந்தது. இவ்வளவு பணம் புரண்டும் ஏன் ஆள் நிற்கவில்லை என்பதுதான் கேள்வி.

அவற்றின் நல்லதைச் சொல்லிவிடலாம். மோஜ் பதினைந்து இந்திய மொழிகளில் வந்தது. ஆங்கிலத்தில் ஒரு பொத்தானைக்கூடப் படிக்க வேண்டிய அவசியமில்லாமல், மலிவான போனில், மெதுவான இணைப்பிலும் ஓடியது. தடை வந்த சில நாட்களில் ஒரு செயலியைக் கட்டி நிறுத்தியது பொறியாளர்களின் திறமைக்குச் சான்று. (மித்ரோன் என்ற இன்னொரு காணொளிச் செயலியை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. பாகிஸ்தானிய நிறுவனம் ஒன்று 34 டாலருக்கு விற்ற நிரலை வாங்கிப் பெயர் மாற்றி வந்தது அது.)

கோளாறு இருந்த இடம் வேறு. காணொளி எடுப்பவர்களை இந்தச் செயலிகள் சேர்த்துக்கொண்ட விதத்தையே சொல்கிறேன். டிக்டாக்கில் பேர் வாங்கியவர்களை வளைக்கப் போட்டி நடந்தது. மாதத்துக்கு இத்தனை வீடியோ, அதற்கு இவ்வளவு ரூபாய் என்று பலரோடு ஒப்பந்தம் போட்டார்கள். கண்டனூரில் ஒரு பழைய வீட்டு முகப்பில் அடுப்பு வைத்து, கந்தரப்பம் சுட்டுக் காட்டுகிற ஒரு பெண்மணியை நினைத்துப் பார்ப்போம். மாவு அரைக்கும் பதம், வெல்லம் கரைக்கும் பக்குவம், எண்ணெய் காயும் சூடு எல்லாம் சேர்ந்து ஒன்றரை நிமிடத்தில் முடிகிற நல்ல வீடியோ அது. எண்ணிக்கைக்குக் கூலி என்று வந்துவிட்டால் அவர் என்ன செய்வார்? அதையே மூன்றாக வெட்டுவார். மாவு ஒன்று, எண்ணெய்ச் சட்டி ஒன்று, தட்டில் அடுக்குவது ஒன்று. மாதக் கடைசியில் எண்ணிக்கை குறைந்தால், போன மாதத்து வீடியோவுக்கு வேறு பாட்டுப் போட்டு ஏற்றுவார். வாட்டர்மார்க்கை அழித்துவிட்டு அடுத்த செயலிக்கும் அதையே கொடுப்பார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எத்தனை பேர் கடைசிவரை பார்த்தார்கள் என்பதற்கும் அவர் கைக்கு வரும் காசுக்கும் தொடர்பே இல்லாமல் செய்தது செயலிதான். பார்ப்பவர் பக்கமிருந்து யோசித்தால் இன்னும் மோசம். எங்கே திருப்பினாலும் அதே வீடியோ கிடைக்கும்போது, ஏற்கெனவே போனில் இருக்கிற இன்ஸ்டாகிராமை விட்டு இங்கே வர அவருக்கு என்ன காரணம் இருக்கிறது?

கொடுத்த காசும் விளம்பர வருமானத்திலிருந்து வரவில்லை, முதலீட்டாளரின் பையிலிருந்து வந்தது. 2022இல் உலகமெங்கும் வட்டி ஏறி முதலீடு வற்றியபோது, இந்தச் செயலிகள் முதலில் கைவைத்த செலவுகளில் ஒன்று இந்தக் கூலி. கூலி நின்றதும் வீடியோவும் நின்றது. 2023 ஜனவரியில் ஷேர்சாட் தன் ஊழியரில் ஐந்தில் ஒரு பங்கினரை வீட்டுக்கு அனுப்பியது. டகாடக் மோஜுக்குள் கரைந்துபோனது. சிங்காரி, வருமானத்தில் பங்கு தருவதற்குப் பதிலாக 'காரி' என்ற கிரிப்டோ நாணயத்தை 2021இல் இறக்கியது. அடுத்த ஆண்டே அதன் மதிப்பு விழுந்தது. நம்பி உழைத்தவர்களுக்கு இதைவிடப் பெரிய அவமதிப்பு இருக்க முடியாது.

உழைப்பவருக்குப் பங்கு தருவது நமக்குப் புதிதல்ல. அதே கண்டனூரையும் சுற்றுப்பட்ட ஊர்களையும் சேர்ந்த நகரத்தார் வணிகர்கள் ரங்கூனுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்கப் போன காலத்தில், அங்கே கடையை நடத்தியவர் பெரும்பாலும் முதலாளி அல்ல, ஏஜெண்டு. மூன்றாண்டு அளவில் தவணை. சம்பளத்தில் ஒரு பகுதி புறப்படும்போதே கையில். தவணை முடிந்து கணக்குத் தீர்க்கும்போது லாபத்தில் ஒரு பங்கு. அந்தப் பங்கு இருந்ததால்தான், முதலாளி கண் பார்க்காத தூரத்தில் இருந்தும் பெட்டி பத்திரமாக இருந்தது. அந்த முறையைப் புனிதப்படுத்த வேண்டியதில்லை, அதில் இளையவர்கள் பட்ட கஷ்டம் தனிக் கதை. ஆனால் தூரத்தில் இருப்பவரை நம்பி நடக்கும் தொழிலுக்குச் சம்பளம் மட்டும் போதாது என்பது அந்த முதலாளிகளுக்குத் தெரிந்திருந்தது. பெங்களூரில் கம்பெனி நடத்தியவர்களுக்கு அது தெரியவில்லை.

வெளிநாட்டுச் செயலிகளிலும் இதே கதைதான். ட்விட்டரின் வைன் 2013இல் ஆறு நொடி வீடியோவோடு வந்து உலகையே சிரிக்கவைத்தது. 2015இல் அதன் முன்னணிக் கலைஞர்கள் பதினெட்டுப் பேர் அளவில் ஒன்றுகூடி, ஆளுக்குப் பன்னிரண்டு லட்சம் டாலர் கேட்டார்கள். தொகை மிகை என்பதை மறுக்கவில்லை. ஆனால் அதுவரை அவர்களுக்கு விளம்பரத்தில் பங்கு கொடுக்க ஒரு வழியைக்கூட வைன் அமைக்கவில்லை. அவர்கள் போனார்கள், 2016 அக்டோபரில் மூடுவதாக அறிவிப்பு வந்தது. தமிழ்நாட்டில் 2015இல் எல்லார் போனிலும் இருந்த டப்ஸ்மாஷும் அப்படியே. அதில் வாயசைத்த மிருணாளினி ரவியைச் சினிமா கண்டெடுத்து 'சூப்பர் டீலக்ஸ்' வரை கொண்டுபோனது. ஆனால் வீடியோவை எடுக்க மட்டுமே டப்ஸ்மாஷ் உதவியது, பார்த்ததெல்லாம் வாட்ஸ்அப்பிலும் ஃபேஸ்புக்கிலும். ஆரம்பத்தில் எடுத்தவருக்கென்று உள்ளே ஒரு பக்கம்கூடக் கிடையாது. 2022 பிப்ரவரியில் அது மூடப்பட்டது.

டிக்டாக்கும் இந்தியாவில் பங்கு கொடுக்கவில்லையே, அது எப்படி வளர்ந்தது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஒரு ஃபாலோயர்கூட இல்லாதவரின் வீடியோவை முகம் தெரியாத பலருக்குக் காட்டிப் பார்க்கிற துணிச்சல் அதற்கு இருந்தது. அதுவரை யாரும் ஏறிட்டுப் பார்க்காத கிராமத்தவருக்கு அதுவே கூலி. அந்தப் புதுமை ஒரு முறைதான் செல்லுபடியாகும். பின்னால் வந்தவர்கள் அதே வெளிச்சத்தை மறுபடி விற்கப் பார்த்தார்கள், வாங்க ஆளில்லை. தடை வந்த இரவில், லட்சம் ஃபாலோயர் வைத்திருந்தவருக்கும் மிச்சமானது வெறும் பேர் மட்டுமே என்பதை எல்லாரும் பார்த்துவிட்டார்களே.

யூடியூப் மட்டும் யோக்கியமா என்ற வாதமும் உண்டு. யோக்கியம் என்று சொல்லமாட்டேன். அதன் அல்காரிதம் ஒரு நாள் மாறினால் ஒரு குடும்பத்தின் வருமானம் பாதியாகும். ஆனாலும் நீண்ட வீடியோக்களுக்கு விளம்பர வருமானத்தில் 55 சதவீதம், 2023 பிப்ரவரி முதல் ஷார்ட்ஸுக்கு 45 சதவீதம் என்று எழுதி வைத்த விகிதம் இருக்கிறது. கண்டனூருக்குப் பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையின் சின்னவீரமங்கலத்தில், ஒரு தாத்தாவும் பேரன்களும் வயல்வெளியில் அண்டா வைத்து 2018இல் தொடங்கிய வில்லேஜ் குக்கிங் சேனல் 2021இல் ஒரு கோடி சப்ஸ்கிரைபரை எட்டியது. முதல்வர் நிவாரண நிதிக்குப் பத்து லட்சம் ரூபாய் கொடுக்கும் நிலைக்கு அவர்கள் வந்தார்கள். மாதத்துக்கு இத்தனை என்று எண்ணிக்கொடுக்கும் ஒப்பந்தத்தில் அப்படி ஒரு சேனல் வளர்ந்திருக்கவே முடியாது. பொறுமையாக ஒரு முழு ஆட்டைச் சமைத்து முடிக்கும் வீடியோவுக்கு எந்த நிறுவனமும் எண்ணிக்கைக் கூலி கட்டியிருக்காது.

ஆகவே அடுத்த சுதேசிச் செயலி வரும்போது, தேசப்பற்றைக் காட்டி இறக்கச் சொல்பவர்களிடம் கேட்க வேண்டியவை உண்டு. விளம்பர வருமானத்தில் எடுப்பவருக்கு எத்தனை சதவீதம், அந்த விகிதத்தை மாற்றுவதற்கு எத்தனை மாதம் முன்பு சொல்வீர்கள், செயலியே நின்றுபோனால் அவர் சேர்த்த பார்வையாளர்களைத் தன்னோடு கூட்டிப்போக என்ன வழி வைத்திருக்கிறீர்கள்? இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் வராதவரை, கண்டனூர்க்காரரோ காரைக்குடிக்காரரோ தன் நல்ல வீடியோவை அங்கே முதலில் ஏற்ற வேண்டிய கடமை எதுவுமில்லை.