91 சதவீத எல்லைக்கோடு: பெகோமோவைரஸ் வகைப்பாட்டின் நிறையும் குறையும்

மரவள்ளித் தேமல், வெண்டையின் மஞ்சள் நரம்புத் தேமல், உளுந்து, பாசிப்பயறு மஞ்சள் தேமல், தக்காளி இலைச்சுருள் ஆகிய நோய்களை உண்டாக்குபவை பெகோமோவைரஸ்கள். ஜெமினிவைரஸ் குடும்பத்தின் மிகப் பெரிய பேரினம் இது. 400-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் இதில் ஏற்கப்பட்டுள்ளன. இத்தனை சிற்றினங்களையும் பிரித்துக்காட்டும் முதன்மை அளவுகோல் ஓர் எண்தான்: டிஎன்ஏ வரிசையில் 91 சதவீத ஒற்றுமை. அந்த எண் எதைச் சரியாகச் செய்கிறது, எதைச் செய்யத் தவறுகிறது என்பதை அறிய வைரஸின் இயல்பிலிருந்து தொடங்க வேண்டும்.

இவ்வைரஸின் துகள், ஒட்டிப்பிறந்த இரட்டையரைப் போல இரு பாதிகள் இணைந்தது. உள்ளே இருப்பது வட்ட வடிவிலான ஒற்றை இழை டிஎன்ஏ. தாவர வைரஸ்களில் பெரும்பாலானவை ஆர்என்ஏ கொண்டவை என்பதால், 1977-ல் வெளிவந்த இந்தக் கண்டுபிடிப்பு பெரிதும் கவனிக்கப்பட்டது. ஒரு வட்டத்தின் நீளம் ஏறத்தாழ 2,700 நியூக்ளியோடைடுகள் மட்டுமே. டிஎன்ஏவை நகலெடுக்கும் பாலிமரேஸ் நொதிகூட வைரஸிடம் கிடையாது. பகுப்பை முடித்துவிட்ட இலைச்செல்லை, ‘ரெப்’ என்னும் தன் புரதத்தின் துணையோடு மீண்டும் நகலெடுக்கும் நிலைக்குத் திருப்பி, செல்லின் நொதிகளைக் கொண்டே அது பெருகுகிறது. சில வைரஸ்களுக்கு ஒரே வட்டம் போதும். வேறு பலவற்றுக்கு இரண்டு வேண்டும். பெருக்கத்துக்கும் மேலுறைக்குமான மரபணுக்கள் டிஎன்ஏ-ஏ என்னும் வட்டத்தில் உள்ளன; செல்லுக்குச் செல் நகர்வதற்கானவை டிஎன்ஏ-பி வட்டத்தில் உள்ளன. இரண்டும் தனித்தனித் துகள்களில் பொதியப்படுகின்றன. செடிக்குச் செடி இவற்றைக் கொண்டுசெல்வது வெள்ளை ஈ.

வரிசை அறியும் வசதி பரவும் முன்பு, எந்தப் பயிரில் என்ன அறிகுறி தெரிகிறதோ அதுவே வைரஸின் பெயராயிற்று. இம்முறை விரைவில் குழப்பத்தில் முடிந்தது. மத்தியதரைக்கடல் நாடுகளில் தக்காளி இலை மஞ்சளாகிச் சுருண்ட இடங்களிலெல்லாம் ஒரே பெயர் வழங்கியது. இஸ்ரேலில் இருந்ததும் சார்டீனியாவில் இருந்ததும் வேறுவேறு வைரஸ்கள் என்பது பின்னரே தெரியவந்தது. பன்னாட்டு வைரஸ் வகைப்பாட்டுக் குழு முதலில் 89 சதவீதத்தை எல்லையாக வைத்திருந்தது. 2015-ல் 3,000-க்கும் மேற்பட்ட முழு டிஎன்ஏ-ஏ வரிசைகளை இரண்டிரண்டாக ஒப்பிட்டுப் பார்த்தபோது, 91-ஐ எல்லையாகக் கொண்டால் முரண்பாடுகள் குறைவு என்று கண்டு அதுவே விதியாக்கப்பட்டது. 91-ஐ எட்டாதவை வேறு சிற்றினங்கள்; 91-ஐ எட்டியும் 94 சதவீதத்துக்குக் கீழே வருபவை ஒரே சிற்றினத்தின் வேறு திரிபுகள்.

இவ்விதியின் பலத்தைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஒரே கணினிமுறையைப் பயன்படுத்தும் எந்த ஆய்வகத்திலும் விடை ஒன்றாகவே வரும். டிஎன்ஏ-ஏவை மட்டும் அளவுகோலாகக் கொண்டதற்கும் நல்ல காரணம் உண்டு: ஒரு வட்டம் மட்டுமே உள்ள வைரஸ்களையும் இரு வட்டம் உள்ளவற்றையும் ஒரே தராசில் நிறுக்க அது ஒன்றே பொதுவானது. பயனும் கண்கூடு. 2015-ல் கம்போடிய மரவள்ளித் தோட்டங்களில் எடுத்த மாதிரிகளில் தேமல் வைரஸ் கண்டறியப்பட்டபோது, அது இலங்கை மரவள்ளித் தேமல் வைரஸ் என்று வரிசையைக் கொண்டே உறுதிசெய்ய முடிந்தது. வியட்நாமிலும் தாய்லாந்திலும் அது பரவியபோது அதே பெயரால் தொடர்ந்து கண்காணிக்கவும் முடிந்தது.

ஆனால் அதே இலங்கை வைரஸ் விதியின் முதல் ஓட்டையையும் காட்டுகிறது. அது ஒரு காலத்தில் டிஎன்ஏ-ஏ மட்டும் கொண்ட வைரஸாக இருந்து, இந்திய மரவள்ளித் தேமல் வைரஸிடமிருந்து டிஎன்ஏ-பியைப் பெற்றுக்கொண்டது என்பதற்கான சான்றுகள் 2002-ல் வெளியாயின. சிற்றின விதியில் இந்தக் கைமாற்றத்துக்கு இடமே இல்லை. உளுந்திலும் இதே நிலைதான். புதுக்கோட்டை மாவட்டம் வம்பனில் எடுத்த மஞ்சள் தேமல் மாதிரியில், ஒரு டிஎன்ஏ-ஏவுடன் ஒன்றுக்கொன்று வெகுவாக மாறுபட்ட டிஎன்ஏ-பிக்கள் சேர்ந்திருந்தன. வைரஸ் செடிக்குள் எப்படிப் பரவுகிறது என்பதைத் தீர்மானிக்கும் பாதியைக் கணக்கில் கொள்ளாத வகைப்பாட்டில் வம்பன் மாதிரி ஒரே பெயருக்குள் அடங்கிவிடுகிறது.

வெண்டை இன்னும் அழுத்தமான சான்று. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் நடந்து 2003-ல் வெளியான ஆய்வு, வைரஸின் டிஎன்ஏ-ஏ மட்டும் செலுத்தப்பட்ட செடியில் வழக்கமான மஞ்சள் நரம்பு தோன்றுவதில்லை என்று நிறுவியது. பீட்டாசாட்டிலைட் எனப்படும், ஏறத்தாழ 1,350 நியூக்ளியோடைடுகளே கொண்ட துணை டிஎன்ஏ உடன் சேர்ந்தபோதுதான் நோய் முழு உருப்பெற்றது. செடியின் தற்காப்பை முடக்கும் புரதத்தைத் தருவது இத்துணை டிஎன்ஏதான். அதற்கெனத் தனி வகைப்பாடு இருந்தாலும், வைரஸின் சிற்றினப் பெயரில் அது இருக்கிறதா இல்லையா என்ற செய்தி இடம்பெறுவதில்லை. உழவரின் வயலில் நோயைத் தீர்மானிக்கும் பொருள் பெயருக்கு வெளியே நிற்பது சிறு குறை அல்ல.

மூன்றாவது சிக்கல் மறுகூட்டிணைவு. ஒரே செல்லில் இரண்டு பெகோமோவைரஸ்கள் பெருகும்போது வரிசைத் துண்டுகள் இடம்மாறுவது மிகச் சாதாரணம். 1990-களில் உகாண்டாவின் மரவள்ளியை அழித்த கொள்ளைநோயோடு தொடர்புடைய வைரஸ் அப்படிப் பிறந்தது: கிழக்கு ஆப்பிரிக்க வைரஸின் மேலுறை மரபணுவின் நடுவே ஆப்பிரிக்க மரவள்ளித் தேமல் வைரஸின் துண்டு ஒன்று அமர்ந்திருந்தது. துண்டு சிறியதாகையால் விதிப்படி அது வெறும் திரிபு. தென் ஸ்பெயினில் இரு தக்காளி வைரஸ்கள் கலந்து பிறந்த மாலகா வைரஸோ தனிச் சிற்றினம். துண்டின் நீளம்தான் பெயரை முடிவுசெய்கிறது. விளைவின் கடுமைக்கு அதில் பங்கில்லை. இதோடு, ஒரு மாதிரி ஏற்கெனவே உள்ள சிற்றினத்தின் ஏதேனும் ஓர் உறுப்பினரோடு 91 சதவீதம் ஒத்தாலே அச்சிற்றினத்தில் சேர்ந்துவிடும். எனவே சங்கிலியாக நீளும் ஒரு சிற்றினத்தின் இரு முனைகள் தமக்குள் 91-ஐ எட்டாமலும் இருக்கலாம்.

இக்குறைகளுக்காக விதியைக் கைவிடுவது தவறு. அறிகுறியை வைத்துப் பெயரிட்ட பழைய குழப்பத்துக்கு எவரும் திரும்ப விரும்பமாட்டார்கள். மாற வேண்டியது விதியைப் பயன்படுத்தும் விதம். 91 சதவீதம் ஒரு வைரஸின் முகவரியைச் சொல்கிறது; நோய் உண்டாக்கும் திறனைச் சொல்வதில்லை. செடியிலுள்ள வட்ட டிஎன்ஏக்கள் அனைத்தையும் ஒருசேரப் பெருக்கும் சுழல்வட்டப் பெருக்க முறை நடைமுறையில் இருக்கையில், டிஎன்ஏ-ஏவை மட்டும் பதிவுசெய்து நிறுத்திக்கொள்வதற்கு நியாயம் இல்லை. டிஎன்ஏ-பி, பீட்டாசாட்டிலைட் இரண்டும் அதே மாதிரி எண்ணின் கீழ்ப் பதிவாக வேண்டும். எதிர்ப்புத்திறன் கொண்ட மரவள்ளி, வெண்டை, உளுந்து ரகங்களைச் சோதிக்கும் நிலையங்கள், சோதனைக்குப் பயன்படுத்திய வைரஸின் சிற்றினப் பெயரோடு அதன் முழுக் கூட்டமைப்பையும் குறிப்பிட வேண்டும். ஒரு மாவட்டத்தில் தேறிய ரகம் அடுத்த மாவட்டத்தில் நோயுறும்போது, மாறியது வைரஸா, அதனோடு வந்த துணை டிஎன்ஏவா என்று பிரித்தறிய அந்தப் பதிவு தேவைப்படும்.