இனிப்பு நீரும் நீரிழிவும்: தேடுபெட்டிக்குத் தெரியாத தமிழ்

ஐந்தாம் படிவ மாணவன் ஒருவன் கட்டுரைக்குக் குறிப்பு தேடினான். அவனோட பாட்டிக்கு இனிப்பு நீர். காலில் ஆறாத புண் வேறு. கைப்பேசியில் "இனிப்பு நீர்" என்று தட்டினால் வந்ததெல்லாம் கைவைத்தியமும் பானம் கலக்கும் முறையும்தான். "தமிழ்ல ஒண்ணுமே இல்ல சார்" என்றான்.

இருக்கிறது. வேறு பெயர்களில் இருக்கிறது. தமிழ்நாட்டில் சர்க்கரை நோய், எழுத்துத் தமிழில் நீரிழிவு, இலங்கையில் சலரோகம், சித்த மருத்துவத்தில் மதுமேகம், நம் சுங்கை பாக்காப்பில் இனிப்பு நீர். இவையெல்லாம் ஒன்றுதான் என்று தேடுபெட்டிக்கு யாராவது சொல்லித்தர வேண்டாமா?

ஆங்கிலத்தில் சொல்லித்தந்தார்கள். 1879-இல் ஜான் ஷா பில்லிங்ஸ் 'இண்டெக்ஸ் மெடிக்கஸ்' என்ற மருத்துவக் கட்டுரை அட்டவணையைத் தொடங்கினார். 1960-இல் அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 'மெஷ்' என்னும் தலைப்புச்சொல் பட்டியலை வெளியிட்டது. அதனால்தான் இன்று பப்மெட்டில் 'ஹார்ட் அட்டாக்' என்று அடித்தாலும் 'மயோகார்டியல் இன்ஃபார்க்ஷன்' பற்றிய கட்டுரைகள் வந்து நிற்கின்றன.

நமக்கும் முன்னோடி உண்டு. 1847-இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார்; பின்னாளில் தமிழிலேயே கற்பித்தார். அவரும் அவர் மாணவர்களும் 'இரண வைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்' போன்ற நூல்களைத் தமிழாக்கினார்கள். மேடையில் நாம் அந்த நூல்களைப் புகழ்கிறோம். அவர் தொகுத்த கலைச்சொல் பட்டியல்களைப் பற்றிப் பேசுவதே இல்லை. என் கணக்கில் அவைதான் பெரிய வேலை. அந்த வேலை தொடராததால் இன்று 'அறுவைச் சிகிச்சை' என்று தேடுபவன் 'இரண வைத்தியம்' பக்கமே போகமாட்டான். 'உடற்கூறியல்' தேடுபவனுக்கு 'அங்காதிபாதம்' கிடைக்காது. கிறீனா, கிரீனா என்ற ற-ர சண்டை தனி.

இலக்கணமும் குறுக்கே நிற்கிறது. எழுத்தை அப்படியே ஒப்பிடும் தேடுபெட்டியில் 'காய்ச்சல்' என்று இட்டால் 'காய்ச்சலை', 'காய்ச்சலுக்கு' அகப்படா. உருபு சேர்ந்ததும் ல்-இன் புள்ளி போய்விடுகிறதே! 'இரத்தம்' என்று தேடினால் 'இரத்தத்தில்' தப்பிவிடும். அங்கே அத்துச் சாரியை. தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் புணர்ச்சி விதிகளைத்தான் நிரலாளர் கணினிக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. அதுவரை மாணவர்களே, 'காய்ச்ச', 'இரத்த' என்று மாறாத பகுதியை மட்டும் இட்டுப் பாருங்கள். படமாக வருடிய பழைய பக்கமென்றால் அதுவும் பலிக்காது. எழுத்துணரி கொண்டு அதை எழுத்தாக்கிய பிறகே தேடலாம்.

ஆசிரியர்களே, குற்றம் நம் மேலும் இருக்கிறது. 'இனிப்பு நீர்' என்று எழுதிய விடைத்தாளில் சிவப்பு மையால் கோடு போட்டவன்தான் நானும். தேர்வில் நீரிழிவு என்று எழுதட்டும், சரி. ஆனால் அடித்த சொல்லை எந்தப் பட்டியலிலும் நாம் சேர்த்து வைக்கவில்லை. பொருள் ஒன்று, ஊர்ப்பெயர் பல என்று வகுப்பில் ஒரு நோட்டுப்புத்தகம் போட்டாலே போதும், அதுவே ஒரு தொடக்கம்.

அந்தப் பையனிடம் 'நீரிழிவு பாதப் புண்' என்று தேடச் சொன்னேன். பாதப் பராமரிப்பு பற்றி நல்ல பக்கம் ஒன்று கிடைத்தது. அச்செடுத்துப் போய்ப் பாட்டிக்கு வாசித்துக் காட்டியிருக்கிறான். பாட்டி முழுக்கக் கேட்டுவிட்டு, "நீரிழிவு யாருக்குடா?" என்றாராம்.