தக்காளிக்குச் சுகம், பப்பாளிக்குச் சங்கடம்

தமிழ்99 என்ற கணினி விசைப்பலகையின் கெட்டிக்காரத்தனத்தைக் காட்ட ராயக்கோட்டைச் சந்தைச் சரக்கே போதும். த, க, க, ஆ, ள, இ என ஆறு தட்டல்களில் 'தக்காளி' வந்துவிடும். முதல் ககரத்துக்கு நாம் புள்ளி வைக்க வேண்டாம். ஒரே மெய் அடுத்தடுத்து வந்தால் மென்பொருளே வைத்துக்கொள்ளும். ங-வை அடுத்து க, ந-வை அடுத்து த வந்தாலும் அப்படியே. ஆங்கில எழுத்துகளைக் கூட்டி thakkaaLi என்று அடிப்பவருக்கு ஒன்பது தட்டல் பிடிக்கும்.

விசைப்பலகையைப் புதுப்பிக்க இரண்டு வழி உண்டு. 1984-ல் ஸின்கிளேர் நிறுவனம் தன் ஸ்பெக்ட்ரம் வீட்டுக் கணினியின் ரப்பர் விசைகளை மாற்றி, ஸ்பெக்ட்ரம் பிளஸ் என்று விற்றது. உள்ளே பழைய கருவிதான். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி இங்கே நடந்தது நேர்மாறு: விசைகளைத் தொடாமல் எழுத்து வரிசையை மாற்றித் தமிழ்99-ஐ உருவாக்கினார்கள். யாழ்ப்பாணத்து முத்தையா உருவாக்கிய பழைய தமிழ்த் தட்டச்சு அமைப்பு இரும்புக்குக் கட்டுப்பட்டது. புள்ளி விசை உருளையை நகர்த்தாது. அதனால் புள்ளியை முதலில் தட்டி, எழுத்தைப் பிறகு தட்ட வேண்டும். கணினிக்கு அந்த நிர்ப்பந்தம் ஏது? தமிழ்99-ல் உயிரெல்லாம் இடக்கைக்கு, மெய்களில் பெரும்பாலானவை வலக்கைக்கு. அ, இ, உ இடப்பக்க விரல்களுக்கு அடியிலும் க, ப, ம, த வலப்பக்க விரல்களுக்கு அடியிலும் உட்கார்ந்தன. இலக்கணம் தெரிந்தவர் போட்ட கணக்கு இது.

ஆனால் 'பப்பாளி' அடித்துப் பாருங்கள். முதல் பகரத்துக்குப் பின் அ-வைத் தட்டி நிறுத்தாவிட்டால் புள்ளி அதன் தலையில் ஏறிவிடும். புதிதாகப் பழகுபவர் இங்கேதான் எரிச்சலடைகிறார். ஓசூர் எல்லையில் இன்னொரு குறையும் உண்டு. தெலுங்கும் கன்னடமும் கலந்த ஊர். நாகராஜ், வெங்கடேஷ், ஸ்ரீனிவாஸ் என்று பெயர் எழுதாமல் ஒரு பத்திரமோ மனுவோ முடியாது. ஜ, ஷ, ஸ எல்லாவற்றுக்கும் ஷிப்டைப் பிடிக்க வேண்டும். சென்னையில் எப்போதாவது வரும் விருந்தாளி எழுத்துகள், இங்கே வீட்டுக்காரர்கள்.

இந்தக் குறைகள் விரல் பழகினால் மறைந்துவிடும். பெரிய கோளாறு அமைப்பில் இல்லை, அதைப் பரப்பிய விதத்தில் இருக்கிறது. அரசு ஒருபக்கம் தமிழ்99-ஐ ஏற்றது. மறுபக்கம் தட்டச்சுத் தேர்வைப் பழைய எந்திர வரிசையிலேயே நடத்திவந்தது. அந்தத் தேர்வில் லோயர், ஹையர் பாஸ் செய்து வேலை தேடும் பெண்ணுக்கு எதைப் பழகுவது என்பதில் குழப்பமே இல்லை. டிடிபி கடைக்கும் அதே விரல்கள்தான் வருகின்றன. சான்றிதழோடு போட்டிபோடும்படி ஒரு நல்ல வடிவமைப்பைத் தனியே விட்டால், அது ஆர்வலர்களின் கைக்குள்ளேயே நின்றுபோகும். தமிழ்99 பெரும்பாலும் அங்கேதான் நிற்கிறது.