ஓசைச்சொல்லுக்கு ஒரு வினை வேண்டும்

'டமார்! கதவு சாத்தப்பட்டது.' இப்படிப்பட்ட வரிகள் நம் தொடர்கதைகளில் ஏராளம். அதையே 'கதவை டமாரென்று சாத்தினாள்' என்று எழுதிப் பாருங்கள். ஓசை அதேதான். ஆனால் இப்போது ஒரு கை தெரிகிறது, அந்தக் கையின் கோபமும் தெரிகிறது.

'என' என்னும் இடைச்சொல் வினை, குறிப்பு, இசை, பண்பு, எண், பெயர் ஆகியவற்றோடு வரும் என்கிறது தொல்காப்பியத்தின் இடையியல். ஓசையை வினையோடு பிணைக்கும் கொக்கி அது. இரட்டைக்கிளவியைப் பிரித்தால் பொருள் தராது என்று பள்ளியில் படித்தோம். உரைநடையில் வினையை விட்டுப் பிரிந்தாலும் அதற்குப் பாதி உயிர் போய்விடும் என்பதை யாரும் சொல்லித் தரவில்லை.

ஓசைச்சொற்களே குழந்தைத்தனம், நல்ல உரைநடைக்கு ஆகாது என்பாரும் உண்டு. என்னால் ஏற்க முடியவில்லை. ஓடை சலசலக்கும், வளையல் கலகலக்கும். ஓயாத பேச்சோ சளசளக்கும். லகரம் ளகரமானதுமே எரிச்சல் வந்து சேர்கிறது. தகரக் கூரையில் சடசடவென்று விழும் மழையும், சோவென்று கொட்டும் மழையும், நாளெல்லாம் நசநசவென்று தூறும் மழையும் வேறு வேறு. 'பலத்த மழை பெய்தது' என்பவருக்கு இவற்றில் ஒன்றும் கிடைக்காது.

கொக்கியில்லாத ஓசைக்கும் வலுவான சான்றுகள் இருக்கின்றன. அவற்றைத் தாண்டிப் போக முடியாது. பாரதியின் மழைப்பாட்டில் ஆட்டத்தின் சொற்கட்டு அப்படியே வந்து நிற்கிறது. அவர் மழையின் சத்தத்தைப் படியெடுக்கவில்லை, வானத்தை ஆடவைக்கிறார். வினையின் வேலையைத் தாளம் செய்கிறது. அருணகிரிநாதரின் திருப்புகழில் வாத்திய ஒலிகள் அடுக்கடுக்காக வருவதைச் சந்தம் தாங்குகிறது. மௌனமாகப் படித்தால் சில இடங்கள் களைப்பூட்டும், பாடினால் எழுந்து நிற்கும். 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸ் போன்ற சித்திரக்கதைகளில் படமே வினை. அங்கே 'ணங்' என்பதற்குக் கொக்கி எதற்கு?

உரைநடைக்குச் சந்தமும் இல்லை, படமும் இல்லை. துப்பறியும் கதையில் 'டுமீல்!' என்று தனி வரி விடுகிறவர், சுட்டவன் யாரென்று மறைக்கலாம். கதைக்கு அது தேவைப்படும். கேட்டவன் எங்கே இருந்தான், சத்தம் சுவர் தாண்டி வந்ததா, காதருகே வெடித்ததா என்பதை மறைக்க ஒரு காரணமும் கிடையாது. அதை எழுதாத வரியை நீக்கத்தான் வேண்டும்.