வேங்கட எல்லையில் ஒலிக்கும் பாடல்கள்

தமிழ்கூறும் நல்லுலகின் வட எல்லை வேங்கடம் என்று வரையறுத்தார், தொல்காப்பியத்துக்குச் சிறப்புப் பாயிரம் பாடிய பனம்பாரனார். அம்மலையின் அடிவாரத்திலேதான் நாம் இன்று வாழ்கிறோம். 1911-இல் உருவான சித்தூர் மாவட்டம் 1953-இல் ஆந்திர மாநிலத்தோடு சென்றதும், 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியதும், 2022-இல் திருப்பதி தனி மாவட்டமானதும் நாம் அறிந்த வரலாறு. நிலத்தின் எல்லைகள் இவ்வாறு பலமுறை மாறின. பாட்டோ எந்த எல்லையையும் பொருட்படுத்தியதில்லை. சித்தூரைத் தம் பெயரோடு தாங்கிய நாகையா 1945-இல் தமிழ் 'மீரா'வில் நடித்தார். மறு ஆண்டே தெலுங்குத் 'தியாகய்யா'வாகத் தோன்றினார். இரு மொழியினரும் அவரைத் தம்மவர் என்றே கொண்டாடினர்.

அண்மை ஆண்டுகளில் நம் இல்லங்களில் மிகுதியாக ஒலித்த மூன்று பாடல்களை எடுத்துக்கொண்டு, அவை நம்மைக் கவர்ந்ததன் காரணத்தை ஈண்டு ஆராய முற்படுகிறோம். திரைப்பாடலுக்கும் திறனாய்வா என்று முகம் சுளிக்கும் பெரியோர் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். மாற்றலாகி இங்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் பள்ளியில் தெலுங்கும் இந்தியும் ஆங்கிலமும் பயில்கின்றனர். தமிழ் எழுத்து அறியாத பிள்ளைக்கும், வீட்டுப் பேச்சுக்கு அப்பாலுள்ள தமிழைக் கொண்டுவந்து சேர்ப்பது பெரும்பாலும் பாட்டே. ஆகவே, பாட்டில் உள்ள தமிழ் எத்தகையது என்னும் கேள்வி நமக்கு வெறும் பொழுதுபோக்கு அன்று.

முதலாவது, 2021 டிசம்பரில் வெளிவந்த 'புஷ்பா' படத்தின் 'ஸ்ரீவள்ளி' பாடல். இசை தேவி ஸ்ரீ பிரசாத். தெலுங்கில் சந்திரபோஸும் தமிழில் விவேகாவும் எழுதினர். இரண்டையும் பாடியவர் சித் ஸ்ரீராம். சென்னையில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர். அவரும் நம் பிள்ளைகளைப் போலப் புலம்பெயர்ந்த வீட்டுப் பிள்ளையே. ஒரே மெட்டை நம் மகள் தெலுங்கிலும் நாம் தமிழிலும் முணுமுணுக்க, எது அழகு என்ற வழக்கு ஒருநாள் உணவு வேளையில் எழுந்தது. தீர்ப்புக்காக இரண்டையும் எழுதி வைத்து ஒப்பிட்டோம். தெலுங்கில் காதலியின் பார்வை பொன்னாகிறது, பேச்சு மாணிக்கமாகிறது. தமிழிலோ அப்பார்வை கற்பூர தீபமாகிறது. பொன் என்பது கடைவீதியின் உவமை; கற்பூரம் சன்னிதியின் உவமை. பொன்னுக்கு விலை உண்டு. எரிந்து தீரும் கற்பூரத்தை யார் விலை பேசுவர்? இவ்விடத்தில் தமிழ்க் கவிஞர் சொல்லை மொழிபெயர்க்காமல் உணர்வைப் பெயர்த்திருக்கிறார். தெலுங்குப் பாடலுக்கும் தனிச்சிறப்பு உண்டு. கண்ணுக்குப் புலப்படாத தெய்வத்தை இமை கொட்டாமல் நோக்குகிறவள், எதிரே நிற்கும் தன்னைப் பொருட்படுத்தவில்லையே என்று காதலன் ஏங்கும் இடம் நெஞ்சைத் தொடுகிறது. வழக்கு இரு தரப்புக்கும் வெற்றியாக முடிந்தது.

இப்பாடல் நம்மை ஈர்த்தமைக்கு அப்பெயரும் ஒரு காரணம் எனலாம். வள்ளி என்றதும் குறிஞ்சி நிலமும் தினைப்புனமும் நம் நினைவில் எழுகின்றன. அவள் வளர்ந்த இடமாகப் போற்றப்படும் வள்ளிமலை, சித்தூர் எல்லையை ஒட்டி வேலூர் மாவட்டத்தில் உள்ளது. அவளை மணந்தவன் குடிகொண்ட திருத்தணியோ ஒரு காலத்தில் சித்தூர் மாவட்டத்துக்கே உரியது. எனவே, தெலுங்குப் படத்தின் நாயகி நம் காதுக்கு அயலாளாகத் தோன்றவில்லை.

இரண்டாவது, 2022-இல் வெளிவந்த 'ஆர்.ஆர்.ஆர்.' படத்தின் 'நாட்டு நாட்டு'. 2023 மார்ச்சில் ஆஸ்கார் விருது பெற்ற இப்பாடலுக்கு இசையமைத்தவர் கீரவாணி. 'அழகன்' படத்தின் நாள்களிலேயே மரகதமணி என்ற பெயரில் அவர் நமக்கு அறிமுகமானவர். நாட்டு என்பது இரு மொழிக்கும் பொதுவான சொல். நாட்டுக்கோழி என்னும்போது நாம் கொள்ளும் பொருளையே தெலுங்கரும் கொள்கின்றனர். எனினும், இப்பாடலின் நுட்பம் தெலுங்குக்கே உரியது. அம்மொழியில் 'போல' என்னும் பொருள்பட வினையோடு சேரும் விகுதியும் 'நட்டு' என்றே ஒலிக்கிறது. காளை பாய்ந்தது போல, சோள ரொட்டியில் மிளகாய்த் தொக்கைக் கலந்தது போல என்று உவமைகளை அடுக்கும்போது, ஒவ்வொரு உவமையின் இறுதியும் பல்லவியின் எதிரொலியாகிவிடுகிறது. தமிழில் எழுதிய மதன் கார்க்கி தேர்ந்த சொல்வளம் உடையவர். ஆயினும் நம் மொழியில் இல்லாத விகுதியை அவர் எங்கிருந்து கொணர்வார்? தமிழ் வடிவத்தில் துள்ளல் இருக்கிறது. அந்த எதிரொலி இல்லை. இதனைத் தெலுங்கிலேயே கேட்டுச் சுவைப்பது, இம்மண்ணில் வாழும் நமக்குக் கிட்டிய பேறு.

மூன்றாவது, 2023-இல் வெளிவந்த 'ஜெயிலர்' படத்தின் 'காவாலா'. அனிருத் இசையில் அருண்ராஜா காமராஜ் எழுத, ஷில்பா ராவ் பாடியது. முற்கூறிய இரண்டும் தெலுங்கிலிருந்து தமிழுக்கு வந்தவை. இதுவோ தெலுங்குச் சொல்லைத் தலையில் சூடிய தமிழ்ப் பாட்டு. தமிழகத்தில் பலர் அதனை ஓசையாகவே கேட்டிருப்பர். நாம் பொருளோடு கேட்டோம். காய்கறிக் கடையில் நாள்தோறும் நம்மை நோக்கி எழும் வினாச் சொல் அல்லவா அது! அந்த வியப்பே இப்பாட்டை நம் வீட்டுத் திருமணங்களில் ஆட வைத்தது. ஆனால், அவ்வொரு சொல்லை நீக்கிவிட்டால் எஞ்சுவது தாளமே என்பது நம் துணிபு. தாளம் காலை ஆட்டும். பிள்ளைக்கு ஒரு புதிய தமிழ்ச் சொல்லைத் தராது.

ஈண்டு இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் ஒப்பவில்லை. 'புஷ்பா'வின் கதைக்களம் நம் சேஷாசல மலைகள். செம்மரம் வெட்டும் கூலியாகத் தொடங்கிய நாயகன் கடத்தல் கூட்டத்தின் தலைவனாக உயர்வதை நாம் கைதட்டிக் கண்டோம். அதே காட்டில் 2015 ஏப்ரல் 7 அன்று, செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று கூறப்பட்டு, தமிழகக் கூலித் தொழிலாளர் 20 பேர் ஆந்திரக் காவல் படையினரின் குண்டுகளுக்கு இரையாயினர். அவர்கள் நம் மொழி பேசியவர்கள். பிழைப்புத் தேடி நாம் கடந்த எல்லையையே அவர்களும் கடந்து வந்தார்கள். நமக்கு மாற்றல் ஆணை இருந்தது. அவர்களுக்கு வறுமை இருந்தது. மலையைப் பாடிய இனிய மெட்டு அவர்களைப் பாடவில்லை. பாட்டைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. மறக்கச் செய்வதும் இசையின் ஆற்றல்களுள் ஒன்று. ஆனால், சுவைத்தபின் நினைத்துப் பார்ப்பது சுவைஞனின் கடமையாகும்.

இனி நாம் செய்யக்கூடியது யாது? பிள்ளைகள் விரும்பும் பாட்டைத் தடுப்பதால் பயனில்லை. திங்களுக்கு ஒரு பாட்டை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். அதனை மெட்டு நீக்கித் தமிழ் எழுத்தில் எழுதச் செய்வோம், பொருள் சொல்வோம், தெலுங்கு வடிவம் இருப்பின் அருகில் வைத்து ஒப்பிடுவோம். மெட்டின்றிப் படித்தபோதும் நிற்கும் வரி எது, சாயும் வரி எது என்பதை அவர்களே கண்டுகொள்வர். கற்பூர தீபத்தை எழுதிப் பார்த்த அன்றுதான் நம் மகள் முதன்முறையாகத் தமிழ் எழுத்துகளைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். நம் சங்கத்தின் திங்கள் கூட்டத்தில் இதற்கென அரைமணி ஒதுக்கலாம் என்பது நம் வேண்டுகோள்.

இரு மொழியும் ஒரு வாசலில் இசைந்து வாழ்வது இம்மண்ணுக்குப் புதிதன்று. மார்கழி முழுவதும் திருமலையில் சுப்ரபாதத்துக்கு மாற்றாக ஆண்டாளின் திருப்பாவை ஒலிக்கிறது. இரவு ஏகாந்த சேவையில் அன்னமாச்சாரியாரின் தெலுங்குத் தாலாட்டு ஒலிக்கிறது. தமிழ் கேட்டு எழுந்து, தெலுங்கு கேட்டுத் துயிலும் வேங்கடவன் ஊரில், நம் பிள்ளைகளும் இரண்டையும் பொருளறிந்து பாடி வளர்வார்களாக!