சுட்டும் பதிப்பும்: கற்றல் மேலாண்மை அமைப்பில் புறவிக்கி இணைப்பு

நூலொன்றை மேற்கோள் காட்டும் ஆய்வாளர் நூற்பெயர் கூறுவதோடு அமைவதில்லை. பதிப்பித்தவர் யார், பதிப்பு எது, ஆண்டு யாது என்பனவற்றையும் உடன் குறிப்பர். உ. வே. சாமிநாதையர் 1887-இல் வெளியிட்ட சீவக சிந்தாமணியும், அவரே பின்னர்த் திருத்தி வெளியிட்டதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகா என்பதை அறியாதார் இலர். இந்நெறி ஏட்டுக்கும் தாளுக்கும் மட்டும் உரியதன்று. கணினி வழியே பாடம் நடத்தும் ஆசிரியர், பாடத்துக்குப் புறத்தேயுள்ள விக்கிப் பக்கமொன்றை மாணவர்க்குச் சுட்டும்போதும் இதுவே நெறியாதல் வேண்டும். ஆயின் ஆண்டுப் பெரும்பாலார் முகவரியொன்றை ஒட்டிவைத்தலோடு தம் கடன் கழிந்ததென எண்ணிவிடுகின்றனர். அக்கருத்துப் பொருந்துமாறில்லை என்பதே ஈண்டுக் கூறப்புகுவது.

இணைக்கப்படும் இரண்டும் இயல்பால் வேறுபட்டவை. விக்கி என்பது வார்டு கன்னிங்காம் 1995-இல் தோற்றுவித்த முறை, படிப்போரே திருத்துவோராகவும் அமைய இடந்தருவது, என்றும் முடிவுறாதது. கற்றல் மேலாண்மை அமைப்போ பருவத்துக்குக் கட்டுப்பட்டது; வருகை, ஒப்படைப்பு நாள், வினாத்தேர்வு, மதிப்பெண் என எல்லாம் வரையறையுடையன. இவ்வகையில் உலகெங்கும் வழங்கும் மூடில், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மார்ட்டின் டூகியாமாஸ் என்பாரால் உருவாக்கப்பெற்று 2002-இல் முதற்பதிப்புக் கண்டது. முடிவுறாத ஒன்றை வரையறையுடைய ஒன்றனுள் சுட்டும்போது சுட்டு நிற்கும்; சுட்டப்பட்ட பொருள் நகர்ந்துவிடும். கார்த்திகையில் மாணவன் படித்த பக்கத்தில் ஒரு நூலின் காலம் ஒருவாறாகவும், பங்குனித் தேர்வின்போது வேறாகவும் காணப்படுமாயின், அவன் எழுதிய விடைக்கு எதனைச் சான்றாக்கித் திருத்துவது?

மூடிலை இயற்றினோர் இவ்விடரை ஒருவாறு உணர்ந்தவராகவே தோன்றுகின்றனர். அவ்வமைப்பின் பக்கங்களின் அடியில் உதவி நாடுவோர்க்கென ஓர் இணைப்பு உண்டு. அதனை அழுத்தின், மீடியாவிக்கி மென்பொருளால் இயங்கும் மூடில் ஆவணத் தளத்தில், அவர் அப்பொழுது நிற்கும் பக்கத்துக்குரிய விளக்கம் திறக்கும். அதன் முகவரி நான்கு உறுப்புகளால் ஆயது: தளத்தின் மூலமுகவரி, மூடிலின் பதிப்பெண், மொழிக்குறி, பக்கத்தின் வழிப்பெயர். பதிப்பு 4.1 ஆயின் 401 என்றும், 4.5 ஆயின் 405 என்றும் எண் அமையும். பழைய பதிப்பைப் பயில்வார்க்குப் பழைய பதிப்பின் விளக்கமும், புதியதைப் பயில்வார்க்குப் புதியதன் விளக்கமும் கிடைக்கின்றன. வழிப்பெயர் நிரலிற் பிறந்த பெயராதலின் மக்கள் படிக்கும் தலைப்போடு அது ஒவ்வாது. விக்கியில் எழுதுவோர் ஒவ்வொரு வழிப்பெயர்க்கும் ஒரு வழிமாற்றுப் பக்கம் அமைத்து அவ்விரண்டையும் பொருத்துகின்றனர். முகவரிக்குள்ளேயே பதிப்பை வைத்த இச்செயல் பதிப்பாசிரியர்க்குரிய நுண்ணுணர்வுடையது, பாராட்டத்தக்கது.

ஆயினும் இதன் நன்மை முற்றுப்பெற்றதன்று. ஒரு பதிப்பெண்ணுக்குரிய விக்கிக்குள்ளேயும் பக்கங்கள் திருத்தமுறுதல் கூடும். எண் பதிப்பைக் காட்டுமேயன்றிப் பாடத்தைக் காட்டாது. முகவரியும் என்றும் நிலைப்பதில்லை. நிரலாளர்க்குரிய மூடில் ஆவணங்கள் 2022 அளவில் விக்கியை விட்டு வேறு தளத்துக்குப் பெயர்ந்தன.

விக்கிப்பீடியா முதலியவற்றில் நிலைமை இதற்கு மறுதலை. அங்குப் பதிப்பு என ஒன்றில்லை. திருத்தந்தோறும் ஓர் எண் உண்டு. பக்கத்தின் வரலாற்றில் அவ்வெண்ணைக் கண்டு, 'நிலையான இணைப்பு' எனப்படும் முகவரியைப் பெறலாம். அதனைப் பாடத்துள் வைப்பின் ஆசிரியர் கண்ட சொற்களையே மாணவரும் காண்பர். இவ்வளவிலும் ஒரு நுட்பம் மறைந்துள்ளது. பழைய திருத்தத்தைத் திறக்கும்போது அதனுள் வரும் வார்ப்புருக்களும் படங்களும் இன்றைய நிலையிலேயே தோன்றும். உடல் பழையது, அணி புதியது என்னலாம். அட்டவணையோ தகவற்பெட்டியோ வார்ப்புருவால் ஆயதாயின், நிலையான இணைப்பும் முழுதும் நிலையானதன்று. பக்கமே நீக்கப்பெறின் அவ்வெண்ணும் பொதுப் பார்வையினின்று மறையும்.

இவ்விடர் நோக்கிச் சிலர், விக்கியின் பகுதியைப் படியெடுத்துப் பாடத்துள்ளேயே வைத்துவிடலாம் என்பர். விக்கிப்பீடியாவின் உரிமம் அதனைத் தடுப்பதன்று. ஆக்கியோரைக் குறித்தலும், மாற்றியதை அதே உரிமத்தில் வழங்குதலும் வேண்டும் என்பதே கட்டளை. ஆயின் படியெடுத்த அன்றே அப்பகுதி தன் வரலாற்றை இழக்கின்றது. யார் எதனை ஏன் மாற்றினார், பேச்சுப் பக்கத்தில் எவ்வாறு வாதிட்டனர் என்பவை மாணவர் கண்ணுக்கு மறைந்துபோகும். ஆய்வு பயிலும் முதுகலை மாணவர்க்கு அப்பேச்சுப் பக்கமே கட்டுரையினும் சிறந்த பாடம் என்பது என் கருத்து. ஆதலின் திருத்த எண்ணோடு கூடிய இணைப்பை ஒருபாலும், இன்றைய பக்கத்தின் இணைப்பை ஒருபாலும் வைத்து, ஆசிரியர் தாம் கண்ட நாளையும் எழுதிவைத்தலே தக்கது. தேர்வுக்குரியது முன்னையது, ஆய்வுக்குரியது பின்னையது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வேறுபாட்டைக் கண்டெழுதுக என ஓர் ஒப்படைப்புத் தரின், பாடவேறுபாடு நோக்கும் பயிற்சியும் உடன் கிட்டும்.

மொழிபற்றி ஒன்று கூறல் வேண்டும். மூடிலின் இடைமுகம் தமிழிலும் வழங்கும். இலங்கைத் தமிழுக்கெனத் தனி மொழித்தொகுதியும் உண்டு. ஆவண மொழியை ஆளுவோர் தனியே வரையறுக்காதவிடத்து, பயனரின் மொழிக்குறியே முகவரியில் ஏறும். தமிழில் இடைமுகத்தை வைத்திருக்கும் ஆசிரியர் உதவி நாடின், இணைப்புத் தமிழ்க்குறியோடு செல்லும். அக்குறிக்குரிய பக்கம் எழுதப்படாதவிடத்து அவர் வெறுங்கையராய்த் திரும்புவர். ஆங்கிலமே ஆவணமொழி என ஆளுவோர் வரையறுத்துவிடின் பக்கம் திறக்கும்; ஆயின் தமிழிற் பணிபுரிய முற்பட்டவரை ஆங்கிலத்துக்கே அது அனுப்பிவைக்கும். இவ்விணைப்பு இயல்பாக ஆசிரியர்க்கும் மேலாளர்க்குமே தோன்றுவது. மாணவர்க்குக் காட்ட வேண்டின் அவ்வுரிமையைத் தனியே அளித்தல் வேண்டும். ஆகவே இக்குறையை முதற்கண் உணர்வோர் ஆசிரியரே.

தமிழ்த்துறையொன்று தனக்கென மீடியாவிக்கி ஒன்றை நிறுவி, மூலமுகவரியை அதற்கு மாற்றி இக்குறையை நீக்கலாம். அஃது எளிதெனக் கூறுவோர் ஒன்றை மறக்கின்றனர். மூலமுகவரி மாறினும் எஞ்சிய மூன்று உறுப்புகளையும் மூடில் முன்போலவே எழுதிச்செல்லும். புதிய விக்கியும் பதிப்பெண், மொழிக்குறி, வழிப்பெயர் என்னும் அவ்வடைவிலேயே பக்கங்களை வைத்திருத்தல் வேண்டும். மேற்பதிப்புக்கு மூடிலை உயர்த்துந்தோறும் புதிய எண்ணின்கீழ் அவற்றை மீண்டும் அமைத்தல் வேண்டும். நூற்றுக்கணக்கான வழிப்பெயர்களை ஒரே காலத்தில் எழுதிமுடிக்க முயல்வார் இடையில் விட்டுவிடுவர். ஒப்படைப்பு, வினாத்தேர்வு, மதிப்பெண் ஏடு, கருத்துக்களம் என நாள்தோறும் கைபடும் பக்கங்களின் வழிமாற்றுகளை முதலில் எழுதி, ஏனையவற்றுக்கெல்லாம் பொதுப் பக்கமொன்று அமைத்துத் தொடங்குதல் கூடும்.